தேடல் முடிவு: எதுவுமில்லை

ஆராய்ச்சி மாணவனாக இருந்த காலத்தில் நான்கு மாதம் பாடுபட்டு ஒரு சேர்மம் செய்தேன். வெளிர்மஞ்சள் ஊசிகளாகப் படிந்தது. உலகத்தில் இதற்குமுன் யாரும் கண்டிராத பொருள் என்று நம்பி, சின்னக் குப்பியில் போட்டு, தேதியும் என் பெயரின் முதலெழுத்தும் எழுதி ஒட்டினேன். இரண்டு வாரம் அந்தக் குப்பி என் மேசைமேல் சாமிப்படம்போல இருந்தது. காலையில் வந்ததும் ஒருமுறை அதை வெளிச்சத்தில் தூக்கிப் பார்ப்பேன்.

மூன்றாவது வாரம், நூலகத்தின் பின்கட்டில், ஜெர்மன் மொழியில் அச்சான பைல்ஸ்டைன் கையேட்டின் தடித்த தொகுதி ஒன்றில், ஏழே வரியில் அது கிடந்தது. எனக்கு நூறு ஆண்டு முன்பே யாரோ செய்து முடித்திருந்தார். உருகுநிலையும் போட்டிருந்தார்கள். என்னுடையதைவிட இரண்டு டிகிரி அதிகம். வேதியியல் படித்தவர்களுக்கு இது எங்கே குத்தும் என்று தெரியும். அழுக்கு கலந்தால் உருகுநிலை இறங்கும். அவர் செய்தது என்னுடையதைவிடச் சுத்தம்.

நான் தேடாமல் இறங்கியவனில்லை. தேடினேன், ஆனால் பெயரை வைத்துத் தேடினேன். அந்தப் பொருளை நான் ஒரு பெயரால் அழைத்தேன், அவர் வேறொரு பெயரால் அழைத்தார். நூலகத்தில் தொகுதிகளை எடுத்துக் கொடுக்கும் பெரியவர் ஒருவர் இருந்தார். என் முகத்தைப் பார்த்துவிட்டு, "பேரை வெச்சுத் தேடாதீங்க தம்பி, பேரு ஆளுக்கு ஆள் மாறும். ஃபார்முலா இண்டெக்ஸைப் பாருங்க" என்றார். அவர் வேதியியல் படித்தவரில்லை. என்னைப் போன்றவர்கள் அரை நாள் அலைந்து வெறுங்கையோடு போவதைப் பார்த்துப் பார்த்தே தேறியவர்.

பெயர் ஆளுக்கு ஆள் மாறும் என்பது வேதியியலில் சின்னத் தொல்லை இல்லை. காய்ச்சலுக்கு நாம் விழுங்கும் பாராசிட்டமாலை அமெரிக்க மருந்துக்கடையில் கேட்டால் அசிட்டமினோஃபென் என்று எழுதிய டப்பாவைத்தான் தருவார்கள். இரண்டும் ஒரே நீண்ட வேதிப்பெயரிலிருந்து ஆளுக்கொரு பக்கமாகப் பிய்த்தெடுத்த துண்டுகள். ஒன்றை மட்டும் தட்டித் தேடியவருக்கு மற்றதன்கீழ் எழுதப்பட்டவை தப்பிப்போகும். இதற்கு நேர்மாறான ஆபத்தும் உண்டு. சித்த மருத்துவத்தில் பூரம் ஒன்று, வீரம் ஒன்று. இரண்டுமே பாதரசமும் குளோரினும் சேர்ந்தவை. பூரத்தில் ஒரு பாதரச அணுவுக்கு ஒரு குளோரின், வீரத்தில் இரண்டு. பெயரில் ஓரெழுத்துதான் வித்தியாசம். வீரம் கொடிய நஞ்சு. ஏட்டைப் பெயர்த்து எழுதுகிறவர் அந்த ஓரெழுத்தில் கண்ணயர்ந்தால் என்ன ஆகும் என்று நினைத்துப் பார்க்கவே பயமாக இருக்கிறது.

பெரியவர் சொன்ன ஃபார்முலா இண்டெக்ஸ், அமெரிக்கக் காப்புரிமை அலுவலகத்தில் வேலை பார்த்த எட்வின் ஹில் 1900இல் வகுத்த ஒழுங்கில் ஓடுவது. கார்பன் எத்தனை என்று முதலில், ஹைட்ரஜன் எத்தனை என்று அடுத்து, மற்றவை ஆங்கில அகரவரிசையில். பெயர் எதுவானாலும் அணுக்களின் கணக்கு மாறாதல்லவா? அது சரி, ஆனால் கணக்கும் போதாது. இரண்டு கார்பன், ஆறு ஹைட்ரஜன், ஒரு ஆக்சிஜன் என்று தேடினால் இரண்டு பேர் வந்து நிற்பார்கள். ஒருவர் சாராயத்தில் போதை ஏற்றும் எத்தனால். இன்னொருவர் டைமெத்தில் ஈதர், ஸ்ப்ரே டப்பாவிலிருந்து மருந்தையும் வாசனையையும் தள்ளிவிடும் வாயு. ஒரே ஒன்பது அணுக்கள்தான், யார் யாரைப் பிடித்துக்கொண்டு நிற்கிறார்கள் என்பது மட்டும் வேறு. பெரிய மூலக்கூறுகளுக்குப் போனால் ஒரே கணக்கின்கீழ் நூற்றுக்கணக்கான பேர் வரிசைகட்டி நிற்பார்கள்.

இந்த வரிசையை யார் கட்டினார்கள் என்பதை ஒருநாளும் அப்போது நான் யோசித்ததில்லை. ஃப்ரீட்ரிஷ் பைல்ஸ்டைன், ரஷ்யாவின் செயின்ட் பீட்டர்ஸ்பர்க்கில் பிறந்த ஜெர்மன் வம்சத்தவர், கரிம வேதியியலில் அதுவரை அறியப்பட்ட சேர்மங்களை எல்லாம் பெரும்பாலும் ஒற்றை ஆளாக உட்கார்ந்து தொகுத்தார். அதன் முதல் பதிப்பு 1881இல் வெளிவரத் தொடங்கியது. 1907இல் அமெரிக்க வேதியியல் கழகம் 'கெமிக்கல் அப்ஸ்ட்ராக்ட்ஸ்' இதழைத் தொடங்கியது. உலகத்தில் எந்த மூலையில், எந்த மொழியில் வேதியியல் கட்டுரை வந்தாலும் அதைப் படித்து, சில வரிகளில் ஆங்கிலத்தில் சுருக்கித் தருவது அதன் வேலை. பல பத்தாண்டுகள் அந்தச் சுருக்கங்களை எழுதியவர்களில் பெரும்பாலானவர்கள் தன்னார்வலர்கள், பெயரளவுக்குக் கூலி வாங்கிக்கொண்டு எழுதிய ஆயிரக்கணக்கான வேதியியலாளர்கள். ராத்திரிச் சாப்பாட்டுக்குப் பிறகு மேசை விளக்கடியில் உட்கார்ந்து, தனக்குச் சம்பந்தமில்லாத ஒருவரின் ஆய்வைச் சம்பந்தமில்லாத இன்னொருவருக்காக ஐந்து வரியில் சுருக்குகிற ஒரு மனிதரை இப்போது என்னால் கற்பனை செய்ய முடிகிறது. அன்று எனக்கு அந்தத் தொகுதிகள் வெறும் பாரம். கீழ் அலமாரியிலிருந்து தூக்கினால் இடுப்பு பிடித்துக்கொள்ளும்.

கணினி வந்தபோது கேள்வி வேறு உருவம் எடுத்தது. ஒரு மூலக்கூறின் படத்தைக் கணினிக்கு எப்படிச் சொல்வது? அணுக்களுக்கு ஒன்று, இரண்டு, மூன்று என்று எண் போட்டு, எது எதனோடு பிணைந்திருக்கிறது என்று பட்டியல் தரலாம். ஆனால் யாரை ஒன்றாம் எண்ணாக வைப்பது? பத்து அணு இருந்தால் 36,28,800 விதமாக எண் போடலாம். ஒரே மூலக்கூறை நான் ஒரு விதமாகவும் நீங்கள் ஒரு விதமாகவும் எண்ணினால் கணினி இரண்டும் வேறு வேறு என்று நினைத்துக்கொள்ளும். நானும் அந்த ஜெர்மன்காரரும் ஒருவரை ஒருவர் தவறவிட்ட அதே கதைதான்.

ஒஹையோ மாநிலம் கொலம்பஸ் நகரில், அதே கெமிக்கல் அப்ஸ்ட்ராக்ட்ஸ் அலுவலகத்தில், ஹாரி மார்கன் என்பவர் 1965இல் இதற்கு வெளியிட்ட வழியைப் படித்தபோது சிரிப்பு வந்துவிட்டது. நம் ஊர்ப் பாட்டிகள் காலங்காலமாகச் செய்வது அது. தெருவில் புதிதாக ஒரு பையன் நடந்து போனால் திண்ணையில் இருக்கும் பாட்டி அவன் பெயரைக் கேட்க மாட்டாள். "யார் வீட்டுப் புள்ளைப்பா நீ?" என்பாள். சொன்னதும், "அப்ப உங்க சித்தப்பாதானே மேலத்தெருவுல பொண்ணெடுத்தது?" என்பாள். மூன்று கேள்விக்குள் பையன் ஊர் வரைபடத்தில் தனக்கென்று உள்ள ஒரே இடத்தில் போய் உட்கார்ந்துவிடுவான். முருகன் என்று ஊரில் பத்துப் பேர் இருக்கலாம். இந்த வீட்டுக்கு மகனாகவும் அந்த வீட்டுக்கு மருமகனாகவும் இருப்பவன் ஒருத்தன்தான்.

மார்கனின் முறையில் ஒவ்வோர் அணுவிடமும் முதலில் கேட்பது, உன்னைத் தொட்டுக்கொண்டிருப்பவர்கள் எத்தனை பேர்? ஹைட்ரஜனைக் கணக்கில் சேர்ப்பதில்லை, அது எங்கும் ஒட்டிக்கொண்டிருக்கும் சில்லறை. அடுத்த சுற்றில், உன்னைத் தொடுபவர்கள் சொன்ன எண்களைக் கூட்டி அதை உன் எண்ணாக வைத்துக்கொள். அடுத்த சுற்றிலும் அப்படியே. சுற்றுக்குச் சுற்று ஒவ்வோர் அணுவும் தன் தெருவைத் தாண்டி, பக்கத்துத் தெருவைத் தாண்டி, ஊர் முழுக்க உள்ள சொந்தங்களின் பாரத்தைத் தன் எண்ணில் சுமக்கத் தொடங்கும். முதலில் ஒன்றுபோலத் தெரிந்த அணுக்கள் பிரிந்து தெரியும். இனிமேல் புதிதாக யாரும் பிரியப்போவதில்லை என்ற கட்டம் வந்ததும் நிறுத்திவிட்டு, பெரிய எண் வைத்திருப்பவரிடமிருந்து வரிசை போடலாம். நான் எப்படி வரைந்தாலும், நீங்கள் தலைகீழாக வரைந்தாலும், வரிசை ஒன்றாகவே வந்து சேரும்.

அப்படி அடையாளம் கண்ட ஒவ்வொரு பொருளுக்கும் கெமிக்கல் அப்ஸ்ட்ராக்ட்ஸ் தரும் ஒரு பதிவெண். காஸ் எண் என்று ஆய்வகத்தில் சொல்வோம். காஃபீனுக்கு 58-08-2. தண்ணீருக்கு 7732-18-5. ரேஷன் கார்டு எண்போல அந்த எண்ணில் பொருளின் குணம் எதுவும் இல்லை, வந்து சேர்ந்த வரிசை மட்டும்தான். ஆனால் தப்பாக எழுதினால் காட்டிக்கொடுக்க ஓர் ஏற்பாடு உண்டு. கடைசி இலக்கத்தை விட்டுவிட்டு, வலமிருந்து இடமாக 8ஐ ஒன்றாலும், 0வை இரண்டாலும், அடுத்த 8ஐ மூன்றாலும், 5ஐ நான்காலும் பெருக்கிக் கூட்டுங்கள். 52 வரும். அதன் கடைசி இலக்கம் 2, காஃபீன் எண்ணின் கடைசி இலக்கமும் 2. ஏதேனும் புட்டியில் காஸ் எண்ணைப் பார்த்தால் இந்தக் கணக்கைப் போட்டுப் பார்க்கும் வழக்கம் எனக்கு இன்னும் விட்டபாடில்லை. பேருந்து டிக்கெட்டின் எண்களைக் கூட்டிப் பார்க்கும் சின்ன வயசுப் பழக்கத்தின் தொடர்ச்சி என்று வைத்துக்கொள்ளுங்கள். இன்று அந்தப் பதிவேட்டில் 20 கோடிப் பொருள்களுக்கு மேல் இருக்கின்றன.

1995இல் சைஃபைண்டர் என்ற மென்பொருள் வந்தது. நான் அதைத் தொட வாய்த்தது வெகு காலம் கழித்துத்தான். பெயரே தட்ட வேண்டாம். சுட்டியால் ஓர் அறுகோணம் வரைந்து, பக்கத்தில் ஒரு நைட்ரஜனை ஒட்டி, இன்னொரு கோடு இழுத்துவிட்டுத் தேடு என்றால் போதும். அந்த உருவம் முழுதாகவோ, பெரிய மூலக்கூறு ஒன்றின் ஒரு மூலையாகவோ எந்தெந்தக் கட்டுரையில், எந்தெந்தக் காப்புரிமையில் வந்திருக்கிறதோ எல்லாம் வரும். முதன்முதலில் எனக்கு அந்தத் திரை கிடைத்தபோது நான் வரைந்தது எதை என்று சொல்ல வேண்டியதில்லை. என் வெளிர்மஞ்சள் ஊசியை. மூச்சு விடுவதற்குள் வந்துவிட்டார் ஜெர்மன்காரர். நான்கு மாதமும் இரண்டு வாரமும் கொடுத்து நான் வாங்கிய செய்தி.

இத்தனையும் காசுக்கு. சந்தா கட்டும் நிறுவனத்துக்கு வெளியே நிற்பவர்களுக்கு 2004இல் அமெரிக்க அரசின் தேசிய சுகாதார நிறுவனம் தொடங்கிய பப்கெம் வந்துதான் கதவு திறந்தது. அரசு இலவசமாக இதைத் தரக்கூடாது என்று அமெரிக்க வேதியியல் கழகம் அப்போது சண்டைக்குப் போனது. அந்தச் சண்டையில் நான் எந்தப் பக்கம் என்பதை மறைக்க விருப்பமில்லை. தன்னார்வலர்கள் மேசை விளக்கடியில் எழுதிச் சேர்த்தது அது.

ஆக, பெயர்ச் சிக்கல் தீர்ந்தது என்று நினைத்தேன். வரைந்தால் வரும். வராவிட்டால் இல்லை என்று பொருள். இந்தக் கடைசி வாக்கியத்தைப் பல காலம் யோசிக்காமலே நம்பிக்கொண்டிருந்தேன்.

ஹெக்சாமெத்தோனியம் என்றொரு மருந்து. 1940களின் இறுதியில் இங்கிலாந்தில் வில்லியம் பேட்டன், எலினார் ஜைமிஸ் என்ற இருவர் ஆராய்ந்து வெளியிட்டது. பார்க்க அழகான மூலக்கூறு. ஆறு கார்பன் அணுக்கள் கைகோத்து நிற்கும், இரு முனையிலும் ஒரு நைட்ரஜன், ஒவ்வொரு நைட்ரஜனிலும் மூன்று மெத்தில் தொகுதிகள். காவடி மாதிரி. உயர் ரத்த அழுத்தத்துக்கு உருப்படியான மருந்தே இல்லாத காலத்தில் அது உண்மையிலேயே வேலை செய்தது. 1950களில் பல நாட்டு நோயாளிகள் அதை எடுத்துக்கொண்டார்கள். அவர்களில் சிலருக்கு நுரையீரல் கெட்டது. மருத்துவர்கள் அதைக் கவனித்தார்கள், கட்டுரை எழுதினார்கள், இதழ்களில் அச்சானது. பிறகு நல்ல மருந்துகள் வந்தன. ஹெக்சாமெத்தோனியம் மருந்தாளுநர்களின் நினைவிலிருந்தும் நழுவியது.

2001. அமெரிக்காவின் பால்டிமோர், ஜான்ஸ் ஹாப்கின்ஸ் பல்கலைக்கழகம். ஆஸ்துமாவில் மூச்சுக்குழாய் எப்படிச் சுருங்குகிறது என்று புரிந்துகொள்ள ஓர் ஆய்வு. உடல்நலத்தோடு இருக்கும் தன்னார்வலர்கள் ஹெக்சாமெத்தோனியத்தை மூச்சோடு இழுக்க வேண்டும். ஆபத்து உண்டா என்று முன்னதாக ஆய்வுக் கட்டுரைகள் தேடப்பட்டன. தேடிய முக்கியமான இடம் பப்மெட் என்ற இணையத் தரவுத்தளம். அன்றைக்கு அதன் பதிவுகள் 1966க்குப் பின்னால் போகாது. பயப்படும்படி எதுவும் கண்ணில் படவில்லை. நெறிக்குழுவும் அனுமதி கொடுத்தது. மருந்தை உள்ளிழுத்த தன்னார்வலர்களில் ஒருவர், 24 வயதுப் பெண், நுரையீரல் கெட்டு அந்த ஜூன் மாதம் இறந்துபோனார். அடுத்த மாதம் அமெரிக்க அரசு, தன் நிதியில் அங்கே மனிதர்கள்மேல் நடந்த ஆய்வுகளை நிறுத்திவைத்தது. 1950களின் கட்டுரைகளைப் பிறகு தேடி எடுத்தார்கள். அவை எங்கும் தொலைந்துபோயிருக்கவில்லை. நூலகங்களில், அச்சான தொகுதிகளில், இருந்த இடத்தில் அப்படியே இருந்தன.

இதைப் படித்த அன்று எனக்குத் தூக்கம் வரவில்லை. தேடியவரைத் திட்டிவிட்டுப் படுத்துக்கொள்ள முடிந்திருந்தால் வந்திருக்கும். அவர் செய்ததைத்தான் நானும் தினம் செய்கிறேன், என் மாணவர்களும் செய்கிறார்கள். பெட்டியில் தட்டுகிறோம். வந்ததைப் பார்க்கிறோம். வராததை இல்லை என்கிறோம். திரையும் அப்படித்தான் சொல்கிறது: முடிவுகள் எதுவுமில்லை. இந்த வாக்கியத்தில் ஒரு சொல் ஒளிந்திருக்கிறது. 'என்னிடம்' எதுவுமில்லை என்று அது எழுதியிருக்க வேண்டும். என் அலமாரி 1966இல் தொடங்குகிறது, எனக்கு ஆங்கிலம்தான் தெரியும், சந்தா கட்டாத இதழை நான் பார்த்ததில்லை என்று சேர்த்துச் சொல்லியிருக்க வேண்டும். ஒரு கடைக்காரர் அந்தச் சரக்கு ஊரிலேயே கிடையாது என்று சொன்னால் நாம் அடுத்த கடையில் போய்க் கேட்டுவிட்டுத்தான் வீட்டுக்குப் போவோம். இந்தக் கடைக்காரரிடம் மட்டும் ஏனோ அந்தச் சந்தேகம் வருவதில்லை.

இன்னொரு இடத்திலும் இதே 'எதுவுமில்லை' வேலை பார்த்தது, உயிர் போகாமல். மஞ்சள் காயத்தை ஆற்றும் என்பதற்கு 1995இல் அமெரிக்காவில் காப்புரிமை கொடுத்தார்கள். புதிது என்றால்தான் காப்புரிமை. புதிதா என்று சரிபார்ப்பவர் கைக்கெட்டிய அலமாரியில் அது இல்லை, அவ்வளவுதான். கால் இடறி ரத்தம் வந்தால் மஞ்சள்தூளை அப்பிவிட்ட அம்மாக்கள் யாரும் ஆய்விதழில் எழுதவில்லையே. இந்திய அறிவியல் தொழிலக ஆய்வுக் கழகம் 32 சான்றுகளைத் தேடிக் கொண்டுபோய்க் கொடுத்தது. சில நூறு ஆண்டுக்கு முந்தியவை, சமஸ்கிருதத்திலும் உருதுவிலும் இந்தியிலும் இருந்தவை. 1997இல் காப்புரிமை ரத்தானது. அதற்குப் பிறகுதான் பாரம்பரிய அறிவைத் தேடும் வசதியோடு ஒரு மின்னூலகமாக ஆக்கும் வேலை தொடங்கியது. சித்த மருத்துவ நூல்களும் அதில் ஏறின.

ஆனால் என்னை விடாமல் தொந்தரவு செய்வது ஹெக்சாமெத்தோனியம்தான். அதற்குக் காரணம் வேதியியல் சம்பந்தப்பட்டது.

புழங்கிய பொருள் எதிலும் ஏதோ ஒரு தடம் தங்கும். தாத்தாவின் கைத்தடியில் பிடித்த இடம் வழவழத்திருக்கும். பழைய செப்புக்குடத்தில் நசுங்கல் இருக்கும், அது எந்தக் கல்யாணத்தில் விழுந்தது என்று சொல்ல ஓர் அத்தை இருப்பார். மூலக்கூறில் எதுவும் தங்காது. 1950களில் ஒருவரின் நுரையீரலைக் கெடுத்த ஹெக்சாமெத்தோனியத்தையும் 2001இல் தராசில் எடைபோட்ட ஹெக்சாமெத்தோனியத்தையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்தால், உலகத்தில் எந்தக் கருவியாலும் இது அது, அது இது என்று பிரித்துச் சொல்ல முடியாது. அதே ஆறு கார்பன், அதே இரண்டு நைட்ரஜன், அதே பிணைப்புகள். வழவழப்பு இல்லை, நசுங்கல் இல்லை. எத்தனை உடம்பில் போய் வந்தாலும் இன்றுதான் பிறந்ததுபோல நிற்கும். குப்பியில் இருக்கும் வெள்ளைத்தூளை எவ்வளவு நேரம் உற்றுப் பார்த்தாலும் அது செய்ததைப் பற்றி ஒரு வார்த்தை சொல்லாது.

அப்படியானால் அதன் கடந்தகாலம் எங்கே இருக்கிறது? முழுக்க முழுக்க நம்மிடம். யாரோ ஒரு மருத்துவர் எழுதிய நான்கு பக்கத்தில், அதை யாரோ சுருக்கிய ஐந்து வரியில், அந்த ஐந்து வரிக்கு யாரோ போட்ட எண்ணில். பொருள் தன் சரித்திரத்தைத் தானே சுமந்திருந்தால் நூலகம் வேண்டியதில்லை, தேடல் மென்பொருளும் வேண்டியதில்லை. அது சுமக்காததால்தான் நாம் சுமக்கிறோம். நாம் கீழே வைத்துவிட்டால் அதை எடுத்துக்கொள்ள வேறு ஆள் கிடையாது. மூலக்கூறு மறுபடியும் முதலிலிருந்து தொடங்கும், இன்னொரு உடம்பில்.

1950களில் அந்த மருந்தை எடுத்துக்கொண்டவர்களின் பெயர்கள் எனக்குத் தெரியாது, கட்டுரையிலும் இருக்காது. வயது, ஆணா பெண்ணா, எத்தனை மில்லிகிராம், எத்தனை நாள். அவ்வளவுதான். ஆனால் அவர்கள் தெரிந்தோ தெரியாமலோ எதையோ கண்டுபிடித்தார்கள். அவர்கள் மூச்சு அதற்கு விலை. அதை அடுத்தவர் மறுபடி கொடுக்க வேண்டியதில்லை என்பதற்காகத்தான் யாரோ உட்கார்ந்து எழுதினார்கள்.

எதுவுமில்லை என்ற பதிலை எப்படிக் கேட்பது என்று கற்றுக்கொடுத்தவர்களும் உண்டு. சீனாவில் தூ யூயூ மலேரியாவுக்கு மருந்து தேடப் புகுந்தபோது வேதிப்பெயரோ அமைப்புப் படமோ கையில் எதுவும் கிடையாது. பழைய வைத்திய நூல்களிலிருந்தும் வைத்தியர்களிடமிருந்தும் ஈராயிரத்துக்கு மேற்பட்ட முறைகளைத் திரட்டி, 640ஐப் பொறுக்கி ஒரு குறிப்பேடு ஆக்கினார். ஒரு மூலிகை சிலசமயம் வேலை செய்தது, சிலசமயம் செய்யவில்லை. மறுபடி நூல்களுக்கே போனார். நான்காம் நூற்றாண்டில் கே ஹொங் எழுதிய மருத்துவக் குறிப்பில், அந்த மூலிகையைத் தண்ணீரில் ஊறவைத்துப் பிழிந்து குடிக்கச் சொல்லியிருந்தது. காய்ச்சச் சொல்லவில்லை. சூடுதான் மருந்தைக் கெடுக்கிறதோ என்ற சந்தேகம் அங்கே பிறந்தது. 35 டிகிரியிலேயே கொதித்துவிடும் ஈதரைக் கொண்டு சாறு இறக்கினார். 1971இல், 191ஆம் மாதிரி எலிகளின் மலேரியாவை முழுதாக அடக்கியது. ஆர்ட்டெமிசினின் என்ற அந்தப் பொருளுக்காக 2015இல் நோபல் வந்தது. பதினாறு நூற்றாண்டாக அந்தச் செய்தி வரிகளுக்குள் இருந்தது. சொல்லாமல் விட்டதையும் சேர்த்துப் படித்த ஒருவர் வரவேண்டியிருந்தது.

சிகாகோ பல்கலைக்கழகத்தின் டான் ஸ்வான்சன் இன்னும் விசித்திரமானவர். குளிரில் விரல்கள் வெளிறி மரத்துப்போகும் ரேனோ நோயைப் பற்றி ஒரு கட்டுக் கட்டுரைகள், மீனெண்ணெய் ரத்தத்தின் பிசுபிசுப்பைக் குறைப்பது பற்றி இன்னொரு கட்டு. இரண்டையும் சேர்த்துத் தேடினால் எதுவும் வராது. ஒரு கட்டுக்காரர்கள் மற்ற கட்டை வாசிப்பதில்லை. மற்றவர்கள் மூடிவிட்டுப் போகும் இடத்தில் ஸ்வான்சன் நாற்காலியை இழுத்துப் போட்டுக்கொண்டார். ரேனோ நோயாளிகளின் ரத்தம் பிசுபிசுப்பு அதிகமுள்ளது என்று ஒரு கட்டில் இருக்கிறதே, அப்படியானால் மீனெண்ணெய் உதவுமா என்று 1986இல் கேட்டு எழுதினார். மூன்று ஆண்டு கழித்து மருத்துவமனைச் சோதனை ஒன்று அதற்கு ஆதரவாக வந்தது. அவர் மருத்துவர்கூட இல்லை, இயற்பியல் படித்துவிட்டு நூலக அறிவியலுக்கு வந்தவர்.

சென்னை தரமணியில் கணித அறிவியல் நிறுவனத்தில் சிலர் இம்பாட் என்ற தரவுத்தளத்தைக் கட்டியிருக்கிறார்கள். இந்திய மூலிகைகளில் எதில் என்ன சேர்மம் இருக்கிறது என்று புத்தகங்களையும் கட்டுரைகளையும் கையால் புரட்டிப் பொறுக்கியது. 2018இல் வெளியானபோது 1,742 செடிகளும் 9,596 சேர்மங்களும் இருந்தன, இரண்டாம் பதிப்பில் 4,010 செடிகள், 17,967 சேர்மங்கள். கணிதக்காரர்கள் எதற்கு மூலிகைப் புத்தகம் புரட்டுகிறார்கள் என்று கேட்கத் தோன்றலாம். நிலவேம்பு என்று ஒரு ஊரிலும் சிறியாநங்கை என்று இன்னொரு ஊரிலும் சொல்லப்படும் செடியை ஒரே கோட்டில் கொண்டுவந்து, அதன் கசப்புக்குள் இருக்கும் ஆண்ட்ரோகிராஃபோலைடோடு சேர்த்து முடிச்சுப் போடுவது யாராவது உட்கார்ந்து செய்தால்தான் ஆகும். இணையத்தில் இலவசமாகக் கிடைக்கிறது.

இப்போது புதுவகைக் கருவிகள் வந்திருக்கின்றன. ஒரு சேர்மத்தைப் பற்றிக் கேட்டால் பத்தி பத்தியாக, படித்த மனிதர்போலப் பதில் சொல்கின்றன. என் மாணவர்களுக்கு அவை பிடித்திருக்கின்றன, எனக்கும் பல நாள் பிடித்திருக்கிறது. ஒரு குறை மட்டும். அவற்றுக்குத் தெரியாது என்று சொல்ல வெட்கம் அதிகம். பழைய மென்பொருளின் வெற்றுத் திரையாவது கொஞ்சம் உறுத்தும், எழுந்து நடக்கவைக்கும்.

போன வாரம் ஒரு மாணவி வந்தாள். அவள் செய்யப்போகும் சேர்மத்தைப் பற்றி எதுவும் வரவில்லை, அதனால் புதிதுதான் ஐயா என்றாள். எங்கெல்லாம் பார்த்தாய் அம்மா என்று கேட்டேன். சொன்னாள். எந்த ஆண்டிலிருந்து என்று கேட்டேன். அதை அவள் பார்த்திருக்கவில்லை. என் இழுப்பறையில் அந்தப் பழைய குப்பி இன்னும் இருக்கிறது, மஞ்சள் கொஞ்சம் கறுத்துவிட்டது. எடுத்துக் காட்டி, நூறு ஆண்டு கழித்து வந்து சேர்ந்த கதையைச் சொன்னேன். சிரித்தாள்.

அவள் போனபிறகு கணினியில் 60-26-4 என்று தட்டினேன். ஹெக்சாமெத்தோனியத்தின் எண். பழக்கதோஷத்தில் கடைசி இலக்கத்தைச் சரிபார்த்தேன்: 6, 4, 0, 24, கூட்டினால் 34, கடைசியில் 4, சரி. பப்மெட்டும் இப்போது 1966ஐத் தாண்டிப் பின்னால் போகிறது. பட்டியல் நீளமாக வந்தது. வழக்கம்போலப் புதியவை மேலே, பழையவை எங்கோ கடைசிப் பக்கங்களில். வரிசையை மாற்றி, பழையவை முதலில் வரும்படி வைத்துவிட்டு, நாற்காலியை முன்னால் இழுத்துக்கொண்டேன்.